ரிசீவர் கிளவுஸ்: கொங்குப் புழுதியில் எவ்வளவு தாங்கும்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கச்சிதமாக எறிந்த பந்து, ரிசீவரின் (ஓடிப்போய் அதைப் பிடிப்பவர்) இரண்டு கைக்கும் நடுவில் வந்த பிறகும் நழுவிப் போனால் வயிறு எரியும். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2023 சீசன் முதல் ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியின் கடாரியஸ் டோனி கையில் பட்டுத் தெறித்த பந்தை டெட்ராய்ட்டின் பிரையன் பிராஞ்ச் பிடித்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி நேரே டச்டவுனுக்கே ஓடிவிட்டார். கான்சஸ் சிட்டி தோற்றது ஒரே புள்ளியில், 20-21. என்எஃப்எல் ரிசீவர்களில் அநேகமாக எல்லோருமே ஒட்டும் கிளவுஸ் போட்டுத்தான் ஆடுகிறார்கள். அப்படியும் இது நடக்கிறது. கோவை, திருப்பூர் பக்கம் ஃப்ளாக் ஃபுட்பால் (மோதி வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் துணிப் பட்டையை உருவி நிறுத்தும் வகை) பழகுபவர்கள் ஆன்லைனில் ஒரு ஜோடி வாங்கும் முன் இதை மனதில் வைப்பது நல்லது.

உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் இருக்கும் சிலிக்கோன் பூச்சுதான் இந்த கிளவுஸின் உயிர். முன்பு கையில் பசையே தடவிக்கொண்டு ஆடினார்கள். 1981ல் என்எஃப்எல் அதைத் தடை செய்தது. புது கிளவுஸில் பிடிப்பு அருமை. தலைக்கு மேல் எட்டிப் பிடிக்கும் பந்து, விரல் நுனியில் மட்டும் படும் பந்து, இவற்றில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நெஞ்சுக்கு நேராக வரும் சுலபமான பந்துக்கு அவ்வளவு உதவாது. அது பெரும்பாலும் நழுவுவது, பந்து கைக்குள் அடங்கும் முன்பே கண் தடுப்பாளர் பக்கம் போய்விடுவதால். நம் பையன்களுக்குக் கிரிக்கெட் பழக்கம் வேறு. சுண்டுவிரல்களைச் சேர்த்து வயிற்றோடு அணைத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள். நெஞ்சுக்கு மேல் வரும் நீள்பந்துக்குக் கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேர்ந்து முக்கோணமாக நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் மட்டும் சுண்டுவிரல்கள் சேரலாம். இதைப் பழகாதவருக்கு கிளவுஸ் வீண் செலவு.

நம் ஊரில் பெரிய எதிரி செம்மண் புழுதி. ஒரு முறை கீழே கை ஊன்றினாலே பூச்சின்மேல் மெல்லிய படலம் படிந்து, பிடிப்பு பாதியாகிவிடும். ஆட்டத்துக்கு நடுவில் ஈரத் துணியால் துடைத்தால் திரும்ப ஒட்டும். அதற்குப் பனியன் வேஸ்ட் (பனியன் கம்பெனிக் கழிவுத் துணி) மட்டும் வேண்டாம்; அதன் நூல் பிசிறெல்லாம் சிலிக்கோனில் ஏறிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணி சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில், லேசான சோப்பு போட்டுக் கையால் அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் பூச்சு வெடிக்கும். காய்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் தூசி ஏறாது. ஈரத்தோடு பைக்குள் திணித்தால் நாற்றம் மட்டுமல்ல, தையலும் சீக்கிரம் விடும்.

பழியை முழுவதும் கிளவுஸ்மேல் போடவும் கூடாது. என்எஃப்எல் பந்தின் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). காலைக் குளிரில் 13 வைத்து அடித்த பந்தை ஈரோட்டுச் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால், 20 டிகிரி சூடு ஏறினாலே அழுத்தம் கிட்டத்தட்ட 15 ஆகிவிடும். அந்தக் கல்லுப் பந்து எந்தக் கையிலும் நிற்காமல் தெறிக்கும். ஆடும் முன் கேஜ் வைத்துப் பார்த்துக் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை மைதானங்களில் பந்தைக் கடைசி நொடியில் இழுத்துவிடும். அப்போது கைகளை முன்கூட்டியே இறுக்கி நீட்டாமல், கண்ணைப் பந்தின் முனையிலேயே வைக்க வேண்டும்.

வாங்கும்போது நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை அளந்து, அந்தக் கம்பெனியின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுங்கள். விரல் நுனியில் கால் அங்குலம் தொங்கினாலும் அது மடங்கிப் பந்தைத் தள்ளிவிடும். நுனியில் தடித்த தையல் உள்ளதைத் தொடவே வேண்டாம். டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானத்தில்) ஆடுபவர்கள் தாராளமாக வாங்கலாம். மண் மைதானம் என்றால் விலை குறைந்த ஜோடியே போதும்; துடைத்தும் அலசியும் ஒட்டாமல் போகும் நாளில் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.