அரசு நம்பிக்கை மையம்: 5க்கு 4

லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன் விரலில் கீறல் இல்லாத நாள் கிடையாது. ஆணுறை போட்டுத்தான் உறவு, அது கிழியவும் இல்லை. ஆனாலும் மறுநாள், முன்பே இரும்புச் சுருள் கிழித்திருந்த விரலைப் பார்த்ததும் எச்ஐவி பயம் பிடித்துக்கொண்டது. தனியார் லேப் ஒன்றில் விசாரித்தால், என்ன ஏது என்று கேட்காமல் பேக்கேஜ் விலையைச் சொன்னார்கள்.

அப்புறம்தான் அரசு மருத்துவமனையில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். பைசா செலவில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆலோசகர் மேடம் தனியறையில் உட்காரவைத்துக் கேட்டார்: "தம்பி, அந்த நேரத்தில் காயத்தில் ரத்தம் கசிந்ததா, இல்லை பொருக்குத் தட்டியிருந்ததா?" பொருக்குத் தட்டியிருந்தது என்றேன். "அப்படியென்றால் அது வழியாக எச்ஐவி ஏறும் என்று பயப்பட வேண்டாம். திறந்த புதுக் காயத்தில் ரத்தமோ விந்தோ பிறப்புறுப்புத் திரவமோ நேராகப் பட்டால்தான் யோசிக்க வேண்டும்" என்றார். அடுத்து, ஆணுறை மேல் தேங்காய் எண்ணெய் தடவினீர்களா என்றார். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலமிழந்து கிழியுமாம். இதையெல்லாம் எந்த லேப்காரர் கேட்பார்?

நான் நினைத்தே பார்க்காத ஒன்றையும் சொன்னார். ஆணுறை மூடாத தோல் வழியாக சிபிலிஸ், ஹெர்பிஸ் போன்ற பால்வினை நோய்கள் தொற்றலாம். ஷேவ் செய்த சின்ன வெட்டுகள் அதற்கு இன்னும் வசதி. அதனால் சிபிலிஸ் பரிசோதனையும் எழுதினார். புண் ஏதாவது வந்தால் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வரச் சொன்னார். ஒருவேளை ஆணுறை கிழிந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் வந்து எச்ஐவி தடுப்பு மாத்திரை தொடங்கியிருக்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டுமாம்.

முடிவு அன்றைக்கே கிடைத்தது: நெகட்டிவ். அதையும் நேரில் உட்காரவைத்துத்தான் சொன்னார்கள். சந்தேகம் தீர மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது வராண்டாவுக்காக. பெயருக்குப் பதில் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், சரி. ஆனால் காத்திருக்கும் பெஞ்ச் மருந்து வாங்கும் வரிசைக்கு நேர் எதிரே. தெரிந்தவர் யாராவது வந்தால் ஒளிய இடமில்லை. நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் 1097 என்ற இலவச எச்ஐவி உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.