ஷேர்பாயின்ட்டா, ஹம்ஹப்பா?

ஆபீஸுக்குள் மட்டும் தெரியும் இணையதளமான இன்ட்ராநெட்டில் ஆளுக்கொரு புரொஃபைல், பேசிக்கொள்ள ஓர் இடம். இதற்கு மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் (தளத்துக்கு), விவா என்கேஜ் (பேச) ஜோடி ஒரு வழி. ஹம்ஹப் என்ற சமூக வலைதள மென்பொருளை நம் சர்வரிலேயே நிறுவுவது இன்னொன்று.

மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே இருந்தால், முதல் வழியில் புரொஃபைல் பாதி தானே நிரம்பிவிடும். பெயர், பதவி, துறை, மேலாளர் எல்லாம் மைக்ரோசாஃப்டின் பயனர் பட்டியலான என்ட்ரா ஐடியிலிருந்து வரும். சிக்கலும் அங்கேதான். மேலாளர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், நிறுவன வரைபடத்தில் அந்த ஊழியர் அந்தரத்தில் தொங்குவார். பதவி உயர்வு வந்தவர் தன் புரொஃபைலில் பழைய பதவியைத் தானே மாற்ற முடியாது. மூலமான என்ட்ரா ஐடியில்தான் திருத்த வேண்டும். அதுவும் உடனே தெரியாது. எனவே எச்ஆர் பட்டியலோடு ஒப்பிட்டுச் சுத்தம் செய்யாமல் திறந்துவிடாதீர்கள்.

ஹம்ஹப் திறமூல மென்பொருள். அது ஓடும் பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் தெரிந்த ஒருவர் வேண்டும். ரத்த வகை, தெரிந்த மொழிகள் என்று வேண்டிய கட்டங்களை அட்மினே சேர்க்கலாம். ஆபீஸின் பயனர் பட்டியலோடு இணைக்க எல்டாப் வசதியும் உண்டு. அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில்.

பேசும் இடத்தில் பெரிய வித்தியாசமில்லை. 2008-ல் யாம்மர் என்று தொடங்கியதுதான் இன்றைய விவா என்கேஜ். கம்யூனிட்டி, கருத்துக்கணிப்பு, பாராட்டு எல்லாம் உண்டு. ஹம்ஹப்பில் குழுக்கள் பேசும் ஸ்பேஸ்கள் ஃபேஸ்புக் பழகியவருக்குச் சட்டென்று பிடிபடும்.

மெட்டா இதே போன்ற தன் ஆபீஸ் வலைதளமான ஒர்க்பிளேஸை மூடப்போவதாக 2024-ல் அறிவித்ததை நினைத்தால், சொந்த சர்வர் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் 365-க்கு ஏற்கெனவே பணம் கட்டும் நிறுவனத்துக்கு முதல் வழியையே சொல்வேன். ஐம்பது அறுபது பேர், கையில் ஒரு நல்ல சிஸ்டம் அட்மின் என்றால் ஹம்ஹப்.