ஸ்க்ரீனர்ல கும்பகோணம் பேங்க்கையும் கரூர் பேங்க்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்த கதை

கும்பகோணத்துல இருக்க எங்க மாமா சிட்டி யூனியன் பேங்க் ஷேர் வச்சிருக்காரு, ரொம்ப வருஷமா, பரம்பரை நிலம் மாதிரி, விக்கவும் மாட்டாரு மேல வாங்கவும் மாட்டாரு. ஊருக்குப் போயிருந்தப்ப "மாப்ள, கரூர் வைசியா எங்கயோ போயிட்டானாமே, நம்மாளு இன்னும் திண்ணையிலயே உக்காந்திருக்கான், மாத்திரலாமா"ன்னு கேட்டாரு. பார்த்துட்டுச் சொல்றேன் மாமான்னு லேப்டாப்பைத் தொறந்து, கம்பெனிக் கணக்கையெல்லாம் பார்க்கற ஸ்க்ரீனர் சைட்டுக்குப் போனேன். நாலஞ்சு வருஷமா காசு கட்டாமலே யூஸ் பண்ணிட்டு இருக்கேன், ஒரு ரிவ்யூவாவது எழுதலாமேன்னுதான் இது.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். ஒரு கம்பெனி பேரை டைப் பண்ணா பத்து வருஷத்துக்கு மேல வரவு செலவு ஒரே பக்கத்துல வந்து நிக்கும், விளம்பரம் கண்ணைக் குத்தாது, "இன்னைக்கே வாங்குங்க"ன்னு எவனும் கத்த மாட்டான். கீழ விற்பனை வளர்ச்சி, லாப வளர்ச்சின்னு தனித்தனிப் பெட்டி இருக்கும், பத்து வருஷம், அஞ்சு வருஷம், மூணு வருஷம், கடைசி 12 மாசம்னு. லாகின் பண்ணிட்டா எக்செல்லா இறக்கிக்கலாம். இதுக்கு முன்னாடி ஆண்டறிக்கை பிடிஎஃப்ல நூத்தி எழுபதாவது பக்கத்துல தேடிட்டு இருந்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

இப்ப போட்டிக் கம்பெனிகளோட ஒப்பிடற டேபிள், அதுக்குத்தானே வந்தோம். சிட்டி யூனியன் பக்கத்துல போய்ப் பார்த்தா மேல வரிசையா ஹெச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ, ஆக்ஸிஸ், கோட்டக்னு பெரிய தலைங்க நிக்குது, ஏன்னா அது மார்க்கெட் மதிப்புப்படி, அதாவது மொத்த ஷேரோட விலைப்படி அடுக்குது. 1904ல கும்பகோணத்துல ஆரம்பிச்சு இன்னைக்கும் சின்ன வியாபாரிக்கும் நகைக்கும் கடன் கொடுத்துட்டு இருக்க பேங்க்கை ஹெச்டிஎஃப்சியோட நிறுத்தறது ஊர்ச் சப்பரத்தைத் திருவாரூர்த் தேர் பக்கத்துல நிறுத்தின மாதிரி. அதுவும் ஹெச்டிஎஃப்சி பேங்க்ல 2023 ஜூலை 1ஆம் தேதி அவங்க வீட்டுக்கடன் கம்பெனியே வந்து சேர்ந்துருச்சு, அந்த வருஷக் கணக்குல தெரியற குதிப்பை வளர்ச்சின்னு எடுத்துக்கிட்டா நாம ஏமாந்த சோணகிரிதான். டேபிள் அதையெல்லாம் சொல்லாது, நம்பரை மட்டும்தான் போடும். அதனால யார் யாரோட ஒப்பிடணும்ங்கறதை நாமளேதான் தேர்ந்தெடுக்கணும். நான் எடுத்தது சிட்டி யூனியன், 1916ல கரூர்ல ஆரம்பிச்ச கரூர் வைசியா, 1921ல தூத்துக்குடில நாடார் பேங்க்னு ஆரம்பிச்சு 2022 செப்டம்பர்லதான் 510 ரூபாய்க்கு ஐபிஓ வந்த, அதாவது முதல்தடவையா பொதுமக்களுக்கு ஷேர் வித்த தமிழ்நாடு மெர்க்கன்டைல். மூணும் நம்மூரு, மூணும் நூறு வருஷம் தாண்டினது, கிட்டத்தட்ட ஒரே மாதிரி கஸ்டமர்.

இங்கதான் விஷயமே இருக்கு. அஞ்சு வருஷக் கணக்கை எடுத்தா கரூர் வைசியா லாபம் 2019-20ல 235 கோடி, 2024-25ல 1,942 கோடி, அதாவது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 52 சதவீத கூட்டு வளர்ச்சி. சிட்டி யூனியன் அதே காலத்துல 476 கோடில இருந்து 1,124 கோடி, 19 சதவீதம் பக்கம். மாமா சொன்னது சரிதான்னு நானும் நினைச்சுட்டேன் ஒரு நிமிஷம். அப்புறம் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பார்த்தா 2016-17ல கரூர் வைசியா லாபம் 606 கோடி! அங்க இருந்துதான் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் வராம அந்த நஷ்டத்துக்குன்னு ஒதுக்கி வைக்கற காசு ஏறி ஏறி லாபம் 235க்கு விழுந்திருக்கு. 606ல இருந்து கணக்குப் போட்டா எட்டு வருஷத்துக்கு வருஷம் 15, 16 சதவீதம்தான் வருது. சிட்டி யூனியன் அதே எட்டு வருஷத்துல 503 கோடில இருந்து வந்திருக்கு, பத்தரை சதவீதம். அப்பவும் கரூர்தான் முன்னாடி, இல்லன்னு சொல்லல, ஆனா 52க்கு 19ங்கறதும் 16க்கு பத்தரைங்கறதும் ஒண்ணா? மாமாகிட்ட காட்டினேன், "ஓ, கிணத்துல விழுந்தவன் ஏறி வந்ததையும் சேர்த்துத்தான் ஓட்டம்னு எண்ணியிருக்கானுங்களா"ன்னாரு.

சைட்ல பிளஸ் மைனஸ்னு ரெண்டு பெட்டி வரும், மெஷினே எழுதறது, அஞ்சு வருஷ வளர்ச்சி நல்லா இருந்தா உடனே பிளஸ்ல போட்டுரும், எந்த வருஷத்துல இருந்து எண்ணினோம்னு அதுக்கு என்ன கவலை. இன்னொரு காமெடி, பேங்க் பக்கத்துல மைனஸ்ல "வட்டி கட்டற திறன் குறைவு"ங்கற மாதிரி ஒரு வரி வரும். பேங்க்குக்கு வட்டிதான்யா சரக்கு, இட்லிக் கடைக்காரன்கிட்ட போய் அரிசிக்கு ஏன் இவ்ளோ செலவு பண்றேன்னு கேட்ட மாதிரி இருக்கு. அதே மாதிரி டேபிள்ல இருக்க ஆர்ஓசிஇ (கடனையும் சேர்த்துப் போட்ட மொத்த முதலுக்கு வர்ற வருமானம்) நெடுவரிசையையும் பேங்க்குக்குப் பார்க்காதீங்க, அதை எடுத்துட்டு ஆர்ஓஇ (பங்குதாரர் காசுக்கு வர்ற லாபம்), ஆர்ஓஏ (மொத்த சொத்துக்கு வர்ற லாபம்) போட்டுக்கங்க, நெடுவரிசை மாத்தற வசதி இருக்கு.

பேங்க்குக்கு நான் முதல்ல பார்க்கறது வாராக்கடன். அது ஒப்பீட்டு டேபிள்ல தானா வராது, ஒவ்வொரு பேங்க் பக்கத்துலயும் போய் காலாண்டு முடிவுக்கு அடியில தேடணும், ஆனா இருக்கு. கரூர் வைசியா கொடுத்த கடன்ல மொத்த வாராக்கடன் 2020 மார்ச்ல 8.68 சதவீதம், 2025 மார்ச்ல 0.76. சிட்டி யூனியன் 4.09ல இருந்து 3.09. லாப வளர்ச்சி நம்பரைவிட இந்த ரெண்டு வரிதான் என்னை யோசிக்க வச்சுது, கரூர்க்காரங்க நெஜமாவே வீட்டை ஒழிச்சுச் சுத்தம் பண்ணியிருக்காங்க. மெர்க்கன்டைல் லாபம் 2022-23ல 1,029 கோடி, 2024-25ல 1,183 கோடி, நிதானமா நடக்குது, அதைப் பத்தி பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

டேபிளோட கடைசில மீடியன்னு ஒரு வரி இருக்கும், எல்லாக் கம்பெனிக்கும் நடுமதிப்பு. அதைப் பார்க்கறப்ப எனக்கு லக்ஷ்மி விலாஸ் ஞாபகம் வரும். அதுவும் கரூர்தான், 1926ல ஆரம்பிச்சது, 2017-18ல இருந்து மூணு வருஷம் தொடர்ந்து நஷ்டம், 2020 நவம்பர்ல சிங்கப்பூர்க்காரங்களோட டிபிஎஸ் பேங்க்கோட இணைச்சாங்க, ஷேர் வச்சிருந்தவங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கல. இன்னைக்கு அந்தப் பேர் டேபிள்ல கிடையாது. ஆட்டத்துல தோத்தவனை வெளிய அனுப்பிட்டு மிச்சம் இருக்கவங்களுக்கு நடுமதிப்பு போட்டா துறை எப்பவும் நல்லாத்தான் தெரியும். இது ஸ்க்ரீனர் தப்பு இல்ல, எந்த சைட்டா இருந்தாலும் அப்படித்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்ளோ வளவளன்னு சொல்றேன்னா, நான் ஒருதடவை ஒரு குட்டி கெமிக்கல் கம்பெனி ஷேரை, பேர் வேண்டாம், துறையிலயே வளர்ச்சில நம்பர் ஒண்ணுன்னு இதே மாதிரி டேபிளைப் பார்த்து வாங்கினேன். முந்தின வருஷம் லாபம் கிட்டத்தட்ட ஜீரோ, அதனால சதவீதம் வானத்துக்கு எகிறி இருந்துச்சு, நான் முந்தின வருஷத்தைப் பார்க்கவே இல்ல. பாதிக் காசு போச்சு, வீட்டம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஸ்டார் எத்தனைன்னு கேட்டா அஞ்சுக்கு நாலு. ஒரு ஸ்டார் அந்த மெஷின் பெட்டிக்காகக் குறைச்சேன். ஃபோன்ல பார்க்காதீங்க, டேபிளை சைடுல தள்ளித் தள்ளி எந்த வரி யாரோடதுன்னே மறந்துரும். மாமா பிரிண்ட் எடுத்துக் குடுன்னாரு, நான் பேப்பரைக் குறுக்க வைக்காம நெட்டுக்க வச்சுக் கொடுத்துட்டேன், கடைசி ரெண்டு நெடுவரிசை வெட்டிப்போச்சு. அதை அவரு பேனாவால எழுதிக்கிட்டாரு, கூடவே 606ஐச் சுத்தி ஒரு வட்டம். ஷேரை இன்னும் மாத்தல.