லாப்லேண்டரா, கோம்பாயா: குளிர்நாட்டுக் காட்டுக்கு எந்த மடக்கு ரம்பம்?

பைனும் ஸ்புரூஸும் அடர்ந்த வடபுலக் காடுகளில் இரவு தங்க நேர்ந்தால், கோடரியைவிட மடக்கு ரம்பமே கைகொடுக்கும். களைத்த கையில் கோடரி நழுவினால் காலைப் பதம் பார்த்துவிடும். கால் கிலோவுக்குள் அடங்கும் ரம்பமோ மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த பைன் கிளையைச் சில நிமிடங்களில் துண்டாக்கிவிடும். எந்த ரம்பம் என்ற பேச்சு எழும்போது, சுவீடனில் தோன்றிய பாக்கோ நிறுவனத்தின் லாப்லேண்டரும் ஜப்பானின் சில்க்கி நிறுவனத்தின் கோம்பாயும்தான் பெரும்பாலும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன.

லாப்லேண்டரின் பிளேடு 190 மி.மீ. நீளமுள்ளது; அங்குலத்துக்கு 7 பற்கள். தள்ளினாலும் அறுக்கும், இழுத்தாலும் அறுக்கும். கோம்பாயின் பரவலான வகையில் பிளேடு 240 மி.மீ. நீளம்; இழுக்கும்போது மட்டுமே அறுக்கும். இழுவிசையில் பிளேடு தானாகவே நேராக நிற்பதால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய பிளேடு குறைந்த மரத்தையே தூளாக்குவதால் அறுப்பும் விரைவாக முடிகிறது. பற்களை இருபுறமும் வளைத்து விரிக்காமல், பிளேடின் முதுகுப்புறம் மெலியும்படி தீட்டியிருப்பதால், கோம்பாய் அறுத்த முகம் இழைத்தது போல் வழவழப்பாக இருக்கும். வேகத்தில் லாப்லேண்டர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும் உயிர்காக்கும் கருவி என்று பார்த்தால் என் தேர்வு லாப்லேண்டர்தான். இரு முனைகளும் தரையில் தாங்கி நிற்க, நடுப்பகுதி அந்தரத்தில் இருக்கும் விழுந்த மரத்தை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து அறுக்க அறுக்க, மேற்புற நார்கள் ஒன்றையொன்று நெருக்கி வெட்டுவாயை மூடிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். விரல் விறைத்தவர் அப்போது செய்வது ஒன்றே: ரம்பத்தை முரட்டுத்தனமாக முன்னும் பின்னும் ஆட்டுவார். கோம்பாயின் மெல்லிய பிளேடு மடங்குவதும் ஒடிவதும் பெரும்பாலும் இந்தத் தள்ளலில்தான். லாப்லேண்டரின் தடித்த பிளேடு இத்தகைய முரட்டுக் கையாளலை வெகுவாகத் தாங்கும். தவிர, பிளேடை விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் பூட்டிவைக்கும் அதன் பொத்தானைக் கையுறையோடும் அழுத்தலாம்.

எந்த ரம்பமானாலும், இரு முனையும் தாங்கி நிற்கும் இத்தகைய மரத்தில் மேற்புறம் கால்வாசி அறுத்து நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து மேல்நோக்கி அறுப்பதே முறை. ஒரு முனை மட்டும் தாங்கி நிற்கும் கிளைக்கு இது தலைகீழ்: முதல் வெட்டு கீழே, பிறகு மேலே, இல்லையேல் கிளை பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். கைப்பிடியை ஒட்டிய பற்களால் மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்துத் தடம் பதித்த பின்பே முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். ரம்பம் துள்ளிக் கையைக் கிழிப்பது பெரும்பாலும் அந்தத் தொடக்க இழுப்புகளில்தான். கோம்பாய்க்கு அழுத்தமே தேவையில்லை. அழுத்துபவர் கையில் அது வீணாகும்.

பிளேடின் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட பருமனை அறுக்க முனைந்தால், பற்களிடையே சேரும் தூள் வெளியேற வழியின்றி வேலை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே லாப்லேண்டருக்கு 9 செ.மீ., கோம்பாய்க்கு 12 செ.மீ. வசதியான எல்லை. தினமும் அதைவிடப் பருத்த கட்டைகள் வேண்டுமென்றால் சில்க்கியின் 360 மி.மீ. பிக்பாயைப் பார்க்கலாம். பிரான்சின் ஓப்பினல் நிறுவனத்தின் 12ஆம் எண் மடக்கு ரம்பமோ, 12 செ.மீ. பிளேடோடு, சுள்ளிகளுக்கு மட்டுமே.

பைன் பிசின் பிளேடில் ஒட்டினால் லாப்லேண்டர், கோம்பாய் இரண்டுமே மந்தமாகும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். கோம்பாயின் பற்கள் கடினப்படுத்தப்பட்டவை என்பதால் அவற்றை அரத்தால் தீட்ட இயலாது. மழுங்கினால் பிளேடையே மாற்ற வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டே வாங்குங்கள்.