பீட்டர் கேப்ரியலின் தலைப்பில்லாத நான்கு ஆல்பங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

ஜெனசிஸ் என்னும் பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக இருந்து 1975இல் அதை விட்டு வெளியேறிய பீட்டர் கேப்ரியல், 1977க்கும் 1982க்கும் இடையில் வெளியிட்ட நான்கு தனி ஆல்பங்களுக்கும் தன் பெயரைத் தவிர வேறு தலைப்பு எதையும் சூட்டவில்லை. ஒரு பத்திரிகையின் அடுத்தடுத்த இதழ்களைப் போல அவை வர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ரசிகர்கள் அட்டைப் படத்தைக் கொண்டு முதலாவதைக் 'கார்' என்றும், இரண்டாவதை 'ஸ்க்ராட்ச்' என்றும், மூன்றாவதை 'மெல்ட்' என்றும் அழைக்கிறார்கள். நான்காவதை மட்டும் அமெரிக்காவில் கெஃபன் நிறுவனம் 'செக்யூரிட்டி' என்ற பெயரில் விற்றது. புதிதாகக் கேட்க வருகிறவர் வரிசைப்படி முதலாவதிலிருந்து தொடங்குவதே இயல்பு எனத் தோன்றும். நான் மூன்றாவதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

இந்த நான்கையும் ஒப்பிடுவதற்குப் பொருத்தமான அளவுகோல், குழுவிலிருந்து வந்தவர் எதைக் கூடவே சுமந்து வந்தார், எதை இறக்கி வைத்தார் என்பதே என்று கருதுகிறேன். ஜெனசிஸ் என்பது நீண்ட பாடல்கள், அடுக்கடுக்கான கீபோர்டுகள், பன்னிரண்டு தந்திக் கிட்டார்கள், மேடையில் கேப்ரியல் அணிந்த நரித்தலையும் பூ முகமூடியும் எல்லாம் சேர்ந்த ஒரு நாடக உலகம். 1974இல் வந்த 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்னும் இரட்டை ஆல்பத்தின் பாடல் வரிகளில் பெரும்பகுதி அவருடையது. இசையில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. ஆகவே அவர் வெளியேறியபோது, அவருடைய எழுத்து எப்படிப்பட்டது என்பது தெரிந்திருந்ததே தவிர, அவருடைய இசை எது என்பது இன்னும் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஆல்பம் அந்தக் கேள்விக்கு ஒரே நேரத்தில் ஒன்பது பதில்களைச் சொல்கிறது. ஆலிஸ் கூப்பர், லூ ரீட் ஆகியோருக்கு ஆல்பம் தயாரித்த பாப் எஸ்ரின் இதைக் கனடாவின் டொரண்டோவில் பதிவு செய்தார். ஒரு பாடல் பலர் குரல் சேர்த்துப் பாடும் 'பார்பர்ஷாப்' என்னும் குழுப்பாட்டு பாணியில் வருகிறது, இன்னொன்று புளூஸ், வேறொன்றில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா முழு பலத்தோடு இறங்குகிறது. எல்லாவற்றிலும் திறமை இருக்கிறது, ஆனால் ஒரு முகம் இல்லை. இந்த ஆல்பத்தின் நிலைத்த புகழ் 'சால்ஸ்பரி ஹில்' என்னும் ஒரே பாடலால் வந்தது. இங்கிலாந்தின் பாத் நகருக்கு அருகிலுள்ள குன்றைக் களமாகக் கொண்டு, குழுவை விட்டு விலகும் முடிவை அது பாடுகிறது. தாளம் ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபுவில் ஊறிய நம் காதுகூட முதல் முறை கேட்கும்போது அதை உடனே கண்டுகொள்ளாது, ஏனென்றால் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை தவறாமல் விழும் மேளம் அதை நேரான நடையாகவே உணர வைக்கிறது. ஸ்டீவ் ஹன்டர் வாசித்த அக்கூஸ்டிக் கிட்டாரின் சுழற்சியும், மெல்ல மெல்ல ஏறும் குரலும் மட்டுமே அதற்குப் போதுமானவையாக இருக்கின்றன.

இதே ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஹியர் கம்ஸ் தி ஃப்ளட்' எதிர்ப்பக்கத்துச் சான்று. எஸ்ரின் அதன் மேல் பெரிய மேளமும் உரத்த கிட்டாரும் ஏற்றி, அரங்கம் அதிரும் பாட்டாக மாற்றினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பின் 'எக்ஸ்போஷர்' ஆல்பத்தில் கேப்ரியல் அதே பாடலை ஏறக்குறைய வெறும் பியானோவோடு மீண்டும் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலாவதில் வெள்ளம் வெளியே ஓடுகிறது என்றும் இரண்டாவதில் பாடுகிறவரின் நெஞ்சுக்குள் ஏறுகிறது என்றும் சொல்லத் தோன்றும். அலங்காரத்தைக் குறைத்தால் தன் பாட்டு வலுக்கும் என்பதை அவர் அறிந்துகொண்ட தடம் இங்கேயே இருக்கிறது.

அந்த அறிவை முழுமையாகப் பயன்படுத்தியது 1980இல் வந்த மூன்றாவது ஆல்பம். ஸ்டீவ் லில்லிவைட் தயாரிப்பாளர், ஹியூ பாட்கம் ஒலிப்பதிவாளர். மேளக்காரர்கள் சிம்பல் என்னும் உலோகத் தட்டுகளைத் தொடவே கூடாது என்று கேப்ரியல் விதி வகுத்தார். கேட்பதற்குச் சின்னக் கட்டுப்பாடுதான். ஆனால் ராக் இசையில் சிம்பலின் சலசலப்பு உயர் அதிர்வெண் பகுதியை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை எடுத்தவுடன் அந்த இடம் முழுவதும் காலியாகிவிடுகிறது. மூச்சு வாங்குவதும், கிசுகிசுப்பும், சின்தசைசரின் கீறலும் அங்கே வந்து குடியேறுகின்றன.

முதல் பாடலான 'இன்ட்ரூடர்' இதைக் கண்முன் காட்டுகிறது. அதில் மேளம் வாசித்தவர், ஜெனசிஸில் கேப்ரியலின் இடத்தில் பாடகராக அமர்ந்த ஃபில் காலின்ஸ். ஒவ்வொரு அடியும் பெரிய மண்டபத்தில் விழுந்ததைப் போல விம்மி எழுந்து, எதிரொலி அடங்குவதற்கு முன்பே கத்தியால் அறுத்ததைப் போல நின்றுவிடுகிறது. ஓர் அளவுக்குக் கீழே குறையும் ஒலியைத் துண்டித்துவிடும் நாய்ஸ் கேட் என்னும் கருவியால் உண்டாக்கிய இந்த ஒலியைக் காலின்ஸ் அடுத்த ஆண்டு தன் 'இன் தி ஏர் டுநைட்' பாடலில் உலகறியச் செய்தார். அதற்குப் பின் அந்தப் பத்தாண்டின் மேளங்களில் பாதி அந்தச் சாயலில்தான் ஒலித்தன. பலர் அதைப் பிரம்மாண்டத்துக்காகப் பயன்படுத்தினார்கள். கேப்ரியலோ இரவில் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவனின் மனநிலைக்குப் பயன்படுத்தினார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை இருக்கிறது.

முகமூடி அணிந்து நடித்ததை இந்த ஆல்பத்தில் அவர் குரலாலேயே நடிக்கிறார். 'ஃபேமிலி ஸ்னாப்ஷாட்' ஒரு கொலையாளியின் வாயிலிருந்தே சொல்லப்படுகிறது. துப்பாக்கி வெடித்த பிறகு பாட்டு சட்டென்று தணிந்து, தனித்துவிடப்பட்ட ஒரு சிறுவனிடம் போய் நிற்கிறது. இந்த ஆல்பத்தைக் கேட்ட அட்லாண்டிக் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட, மெர்குரி நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. முதல் இரண்டும் அங்கே ஏழாம், பத்தாம் இடங்களோடு நின்றவை.

நான்காவது ஆல்பத்தை இதற்கு நிகரான போட்டியாளர் என்றே மதிக்கிறேன். ஓசைகளைப் பதிவு செய்து இசையாக வாசிக்க உதவும் (சாம்ப்ளிங்) ஃபேர்லைட் கணினியில், பழைய இரும்புக் கிடங்குக்கே போய் உடைத்தும் தட்டியும் ஊதியும் எடுத்த ஓசைகளைச் சேர்த்து, பாத் அருகே ஆஷ்கோம் ஹவுஸில் இதை உருவாக்கினார். மூன்றாவதில் காலி செய்த இடத்தை இங்கே மீண்டும் நிரப்புகிறார். ஆனால் நிரப்பும் பொருள் இம்முறை அவருடையது. ஆப்பிரிக்காவில் மேளக்காரர்கள் நடுவே உளவியலாளர் யுங் அடைந்த அச்சத்தைப் பாடும் 'தி ரிதம் ஆஃப் தி ஹீட்', நெடுநேரம் அடக்கி வைத்திருந்துவிட்டு, முடிவில் எக்கோமே நடனக் குழுவின் மேளங்களை அவிழ்த்துவிடுகிறது. அந்தக் கடைசி நிமிடத்துக்கு ஈடான எதுவும் மூன்றாவது ஆல்பத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையில் பிறந்த எல். சங்கர் இரட்டை வயலின் வாசித்த 1989ஆம் ஆண்டின் 'பேஷன்' ஆல்பத்துக்குப் போகும் பாதையும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆனாலும் சிறைப்பட்டவர்களைப் பற்றிய இரண்டு பாடல்களை அருகருகே வைத்தால் என் தேர்வு மூன்றாவதன் பக்கமே சாய்கிறது. நான்காவதில் உள்ள 'வால்ஃப்ளவர்' பியானோவின் துணையோடு கைதியை நீளமாகத் தேற்றுகிறது. அன்பு நிறைந்தது, சற்றுத் தளர்ந்தது. மூன்றாவதன் இறுதிப் பாடலான 'பீக்கோ', 1977 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் பிடியில் உயிரிழந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பீக்கோவைப் பற்றியது. காலத்தையும் இடத்தையும் அறிக்கை போலச் சொல்லிவிட்டு, ஒரே மேளத்தையும் பேக்பைப் இசையையும் வைத்துக்கொண்டு ஏழு நிமிடங்களுக்கு மேல் நகர்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அந்த மண்ணின் மக்கள் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவுகள் இடம்பெறுகின்றன. தென்னாப்பிரிக்க அரசு அதைத் தடை செய்தது. தன் துயரத்தைக் காட்டிக்கொள்ளாமல் இறந்தவரின் பெயரை மட்டும் உயர்த்திப் பிடிக்கும் அந்தக் கட்டுப்பாடு, கேப்ரியல் எழுதியவற்றிலேயே மிக உயர்ந்தது என்பது என் உறுதியான கருத்து.

மூன்று, நான்கு, ஒன்று என்ற வரிசையில் கேட்டு முடித்தவர் இறுதியாக 1978இன் இரண்டாவது ஆல்பத்துக்கு வரலாம். ஃப்ரிப் தயாரித்த இது வறண்ட ஒலி கொண்டது. பல இடங்களில் ஃப்ரிப்பின் பிடிவாதம் கேட்கிற அளவுக்குக் கேப்ரியலின் குரல் கேட்பதில்லை. கேப்ரியல் தன் அப்போதைய மனைவி ஜில்லுடன் சேர்ந்து எழுதிய 'மதர் ஆஃப் வயலன்ஸ்' மட்டும் விதிவிலக்கு. பியானோவும் கிட்டாரும் தாழ்ந்த குரலில் பேச, அச்சமே வன்முறையைப் பெறுகிறது என்று சொல்லும் அந்தப் பாட்டுக்காகவே இந்த ஆல்பத்தைத் தேடி வாங்கலாம்.