பிரேக் டிஸ்க் மாற்றணும் என்று போன் வந்தால், சக்கரத்தைக் கழற்றி நேரில் காட்டச் சொல்லுங்கள்

கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தனியாகப் போய் வண்டியை சர்வீஸுக்கு விடுகிற பெண்கள் அவசியம் படியுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பிரேக்கைச் சொல்லி என்னிடம் ஒருமுறை 16,940 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த முறை 21,380 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். அந்த இரண்டாவது எஸ்டிமேட்டில்தான் எனக்குக் கண் திறந்தது.

என்னுடையது 2019 டிசம்பரில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை பேட் என்ற கட்டைகள் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். பின்னால் டிரம் பிரேக், உருளைக்குள்ளே ஷூ என்ற கட்டைகள் விரிந்து பிடிக்கும். நான் டீச்சர். பள்ளிக்கூடம், வீடு, மாதம் ஒருமுறை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அவ்வளவுதான் ஓட்டம். 2023 ஆகஸ்டில் 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது சர்வீஸுக்கு விட்டேன். முன் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டது, பேடும் சேர்த்து மாற்றணும் என்று போன் வந்தது. வெளியில் ஒருவரிடம் காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "வெளிய கை வெச்சா வாரண்டி போயிரும் மேடம்" என்றார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தேன். பயந்துபோய் சரி என்றேன். கழற்றிய டிஸ்க்கைக் காட்டச் சொல்லணும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

2025 பிப்ரவரியில் அடுத்த சர்வீஸ். வண்டி 43,000 ஓடியிருந்தது. அந்த வாரக் கடைசியில் வால்பாறையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. காலையில் சாவியைக் கொடுக்கும்போது பேச்சுவாக்கில் இதையும் சொல்லிவிட்டேன். பிரேக் மிதித்தால் இடது முன்பக்கம் கீச்சென்று சத்தம் வருவதையும் சொன்னேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சர்வீஸ் சென்டர் அட்வைசரிடமிருந்து (என்ன வேலை செய்யணும் என்று நம்மிடம் பேசுகிறவர்) போன். "மேடம், ஃப்ரண்ட் டிஸ்க் ரெண்டும் போயிருச்சுங்க. பேடு இருபது பர்சன்ட்தான் இருக்கு. பின்னாடி ஷூவும், ஃப்ளூயிடும் சேத்து மாத்திரலாம்."

"டிஸ்க் போன தடவைதானே மாத்துனீங்க?"

அதற்குப் பதிலே சொல்லவில்லை. "வால்பாறை போறோம்னீங்கள்ல மேடம்? நாப்பது கொண்டை ஊசி வளைவு. வயசானவங்க, குழந்தைங்க எல்லாம் வர்றாங்க. பிரேக்குல ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார். நான் தயங்கியதும், "சார்கிட்ட வேணா நான் பேசட்டுங்களா?" என்று கேட்டார். வண்டியின் கடன் கட்டியதும் நான், ஓட்டுவதும் நான்.

அந்த நாற்பது வளைவுப் பேச்சு என்னை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆழியாறு தாண்டி மலை ஏறியவர்களுக்குத் தெரியும். ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் அணை கீழே தட்டு மாதிரி கிடக்கும். அந்த ரோட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் பின்சீட்டில் உட்கார்ந்திருக்க பிரேக் பிடிக்காமல் போவது போல ஒரு காட்சி மனசுக்குள் ஓடியது. அடுத்த பீரியடில் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். அம்மா உயிரைவிட இருபதாயிரம் பெரிதா என்றுதான் எந்த மகளுக்கும் தோன்றும். என் வாயிலிருந்து நானாகச் சொன்ன காதுகுத்தை வைத்தே எனக்கு விலை போட்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் துருப்பிடித்து, ஓரம் எல்லாம் செதில் செதிலாக ஒரு டிஸ்க். பார்க்கவே பயமாக இருந்தது.

சரி என்று சொல்ல இருந்த என்னை நிறுத்தியது எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர். "பதினெட்டு மாசத்துல டிஸ்க் தேயுமா? வண்டிய எடுத்துட்டு வாங்க டீச்சர்" என்றார். சாயங்காலம் போய் எஸ்டிமேட் வேண்டாம் என்று சொல்லி வண்டியை எடுத்தேன். அதற்கும் பிரேக் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய் பில்லில் போட்டிருந்தார்கள். கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பொள்ளாச்சி ரோட்டில் மாஸ்டர் சொன்ன ஷெட்டுக்குப் போனேன். அறுபது வயதுக்காரர். ஜாக்கி போட்டு இடது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, "இங்க வந்து பாருங்க டீச்சரம்மா" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். வெர்னியர் என்ற அளவுகருவியை வைத்து டிஸ்க்கின் தடிமனை நாலு இடத்தில் அளந்தார். 19.5 மி.மீ. பிறகு துணியால் துடைத்து, டிஸ்க்கிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினார். குறைந்தது 18 மி.மீ. இருக்கணும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஒன்றரை மில்லி மீதி இருக்கிறது. பேடில் தேய்கிற பகுதி 6 மி.மீ. இருந்தது. இரண்டு மூன்று மில்லிக்கு வரும்போது மாற்றினால் போதும் என்றார். வலது பக்கமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

"பர்சன்ட்ல சொன்னா ஒத்துக்காதீங்க. எத்தன மில்லின்னு கேளுங்க. மில்லிய யாரு அளந்தாலும் ஒண்ணாத்தான் வரும்" என்றார். அன்று முழுக்க எனக்கு அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு டீச்சராக இருந்தும் எதில் இருபது சதவீதம் என்று நான் கேட்கவே இல்லை.

போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். டிஸ்க் வார்ப்பிரும்பு, தண்ணீர் ஊற்றிக் கழுவி ராத்திரி நிறுத்தினாலே விடிவதற்குள் மேலே துரு படியும், நாலு தரம் பிரேக் பிடித்தால் போய்விடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தவர், சக்கரம் மாட்டுகிற போல்ட்டை எண்ணச் சொன்னார். படத்தில் ஐந்து. என் வண்டியில் நான்கு.

திரும்பவும் எண்ணினேன். நான்குதான். அனுப்பியது என் வண்டியின் படமே இல்லை.

அவர் டிஸ்க்கையும் பேடையும் தொடவில்லை. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற பாகம் காலிப்பர். இடது காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்துபோய் இருந்தது. சத்தம் அதனால்தான். கழற்றிச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைத்தார். பின் டிரம் இரண்டையும் திறந்து தூசி தட்டி அட்ஜஸ்ட் செய்தார், ஷூவில் நிறைய இருந்தது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பிரேக் ஃப்ளூயிடை மட்டும் மாற்றியே ஆகணும் என்றார். சர்வீஸ் சென்டர் சொன்னதில் அது ஒன்று நியாயம், அதை மறைக்க மாட்டேன். ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, உள்ளே ஆவி கட்டி, பெடல் பொதக்கென்று போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். எல்லாம் சேர்த்து அவர் வாங்கியது 1,350 ரூபாய்.

2023-ல் மாற்றியது தேவையா என்றும் கேட்டேன். "புது டிஸ்க் போட்டிருக்காங்க, அது நெசம். பழசுல எவ்வளவு இருந்துச்சுன்னு இனி யாரு சொல்றது? ரெண்டு மூணு செட் பேடு தேயற வரைக்கும் ஒரு டிஸ்க் பொதுவா தாங்குமுங்க" என்றார். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அளந்து பார்த்திருக்கலாம். அந்தப் பணத்துக்கு இனி என் கையில் ஆதாரமே இல்லை. இன்றைக்கும் என்னை அறுப்பது அதுதான்.

வாரண்டி மிரட்டலுக்கும் அடிப்படை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேட், டிஸ்க் எல்லாம் தேய்கிற சாமான்கள், தேய்மானத்துக்கு வாரண்டியே கிடையாது. வெளியே மெக்கானிக்கிடம் காட்டினாலே வாரண்டி ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸை வெளிச்சந்தைக்கு விடாமல் பிடித்துவைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அதே வழக்கு.

படத்தையும் அளவுகளையும் எழுதி சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போட்டேன். "அது ரெஃபரன்ஸுக்காக அனுப்புன படம் மேடம்" என்று போனில் சொன்னார். எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை. 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். பத்தாம் நாள் 590 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடணும். என் 2023 பில் அந்தக் கெடுவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆதாரம் இல்லாமல் போகத் துணிவு வரவில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் முன்பு வேறொரு ஷோரூமில் அட்வைசராக இருந்தான். ஒவ்வொரு வண்டிக்கும் சராசரியாக இவ்வளவு பில் வரணும் என்று மாதா மாதம் டார்கெட் இருக்கும் என்றான். போன் பண்ணிய பிள்ளைக்கும் அந்த நெருக்கடி இருந்திருக்கலாம். அதற்காக என் அம்மாவை வைத்துப் பயமுறுத்தியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காதுகுத்துக்குப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கினோம். மெக்கானிக் சொன்னபடி இறக்கம் முழுக்க இரண்டாவது கியர்தான். சத்தம் இல்லை. அம்மா அட்டகட்டி தாண்டியதுமே தூங்கிவிட்டார்.

அந்தத் துருப்பிடித்த டிஸ்க் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கோவையில் சர்வீஸுக்கு விட்ட யாருக்காவது அப்படி ஒரு படம் வந்திருந்தால், போல்ட்டை எண்ணி உங்கள் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே படம் என்றால் எனக்குச் சொல்லுங்கள். இன்னும் ஒருவருக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தாலே போதும், நுகர்வோர் ஆணையத்துக்கு நான் முன்னால் வருகிறேன்.