36.5 எப்படி 42 ஆனது? வில்சன் கார்டன் டைனோ கடையில் ஒரு காலை

போன வருடம் என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக்குக்கு ஹெட் போர்ட்டிங் செய்தேன், அதாவது எஞ்சின் ஹெட்டில் காற்று போகும் வழியைக் குடைந்து அகலமாக்கினேன். வேலை செய்த இடத்தில் இரண்டு டைனோ (வீலுக்கு வரும் சக்தியை அளக்கும் மெஷின்) தாள் தந்தார்கள். முன்பு 36.5 பிஎச்பி, பின்பு 42. கொடுத்த காசு வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி முன்பைவிட மந்தமாகத்தான் எழுந்தது. அந்தக் குழப்பத்தோடுதான் வில்சன் கார்டனில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன்.

நடத்துபவர் கிருஷ்ணகிரிக்காரர். வண்டியைத் தொடும் முன் தாள்களைக் கேட்டார். மூலையில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி, "தம்பி, முதல் தாள்ல கரெக்ஷன் போடல. ரெண்டாவதுல 1.15-ஆல பெருக்கியிருக்காங்க. நீங்களே கணக்குப் போடுங்க" என்றார். 36.5-ஐ 1.15-ஆல் பெருக்கினால் 42. வயிற்றைக் கலக்கிவிட்டது.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு, அதனால் டர்போ இல்லாத எஞ்சின் இங்கே குறைவாகத்தான் காட்டும். அதை ஈடுகட்டத்தான் கரெக்ஷன். அதிலும் எஸ்டிடி என்ற கரெக்ஷன் முறை எஸ்ஏஇ என்ற இன்னொரு முறையைவிட நாலு சதவீதம் அளவுக்குக் கூட்டிக் காட்டும். எதைப் போட்டாலும் சரி, இரண்டு தாளிலும் அதையே போட வேண்டும். கம்பெனி சொல்லும் 47 பிஎச்பி கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டிலேயே அளப்பது; கியரும் செயினும் தின்றது போக மிச்சம்தான் வீலுக்கு வரும்.

அப்புறம் அவர் செய்த காரியத்துக்காகவே இதை எழுதுகிறேன். "வேற மெஷின் நம்பரை என் நம்பரோட ஒப்பிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். என் நண்பனின் ஸ்டாக் (எதையும் மாற்றாத) இன்டர்செப்டரை வரவழைத்து, அதே காலையில், அதே நாலாவது கியரில் இரண்டையும் மூன்று மூன்று முறை ஓட்டினார். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டார். உச்சியில் என் வண்டி அரை பிஎச்பி கூட. 3,000 ஆர்பிஎம்மில் 3 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் இழுவை) குறைவு. சில்க் போர்டில் நான் உணர்ந்தது அதைத்தான்.

ஹெட்டுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் ஃப்ளோ பெஞ்சின் தாளையும் விடவில்லை. முதல் கேள்வி, எத்தனை இன்ச் தண்ணீர் அழுத்தத்தில் அளந்தார்கள்? 10 இன்ச்சில் வரும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) 28 இன்ச்சில் 1.67 மடங்காகிவிடும். எனக்குப் பெரிதாகக் காட்டிய எண், என் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) வால்வைத் தூக்கவே தூக்காத உயரத்தில் எடுத்தது. டயல் கேஜ் வைத்து அளந்தே காட்டினார். நடு லிஃப்டை, அதாவது பாதி திறந்த உயரத்தை, வால்வு திறக்கும்போதும் மூடும்போதும் இரண்டு முறை கடக்கிறது. தாளில் அந்த உயரத்துக்கான வரிசைகளில் மாற்றமே இல்லை. போர்ட்டை அகலமாக்கியதில் காற்றின் வேகம் விழுந்து, கீழ் டார்க் போயிருக்கிறது.

குறை என்றால் ஃபேன் சின்னது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் எஞ்சின் ஆற வெகுநேரம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை போகாதீர்கள். கேட்டால் டைனோ ஃபைலைப் பென் டிரைவில் தருகிறார்.

ஸ்டாக் ஹெட் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் அதே மெஷினில், அதே நாலாவது கியரில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.